கொட்ட வேண்டிய தண்ணீர்

மார்ச் 3, திங்கள்

இந்த டைரி எசன்ஸ் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. இத்தனை நாளும் எலுமிச்சம்பழக் கூடைக்கு மூடியாகக் கிடந்தது. இன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் அதை எடுத்துத் தூசி தட்டி என் மடியில் போட்டார்.

"தெனமும் எழுதுட்டி."

"என்னத்த எழுத? இன்னைக்கு சர்பத் வித்தேன், நாளைக்கும் விப்பேன்னா?"

"எதையாவது எழுது. கை பழகணும். எனக்குப் பார்வை போன பெறகு மாத்திரை அட்டையில இருக்கத நீதான வாசிச்சுச் சொல்லணும்."

"கல்யாணம் ஆன புதுசுல படிக்க வைக்காம, கண்ணு போற நேரத்துல வாத்தியார் வேலையா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். இந்தப் பேச்சு வந்தாலே நான் எதையாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிடுவேன். அதோடு பேச்சு நின்றுபோகும்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதினால் பிழை இருக்கத்தான் செய்யும். வாசிக்கப்போகிறவர் யாரும் இல்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

சண்முகக்கனி ஆகிய நான் தென்காசியில் பஸ் வந்து திரும்பும் முக்கில் நன்னாரி சர்பத் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஆவுடையப்பன். காலேஜில் கெமிஸ்ட்ரி லேப்பில் அட்டெண்டராக இருந்தார். கண் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறது என்று டாக்டர் சொன்ன பிறகு வேலையை விட்டுவிட்டார். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இன்னொன்றில், குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

"அப்ப என்னைப் பாக்கணும்னா எட்டத்துல நின்னாத்தான் முழுசாத் தெரிவேனா?" என்று கேட்டேன்.

"உன்னைய முழுசாப் பாக்கணும்னா கடையநல்லூர்ல நிக்கணும்" என்றார்.

கடையநல்லூர் இங்கேயிருந்து அரை மணி நேர பஸ் தூரம். எனக்கு உடம்பு கொஞ்சம் பூசினாற்போல. அதைத்தான் சொல்கிறார்.

மார்ச் 9, ஞாயிறு

இவருக்கு பழைய கேமரா ஒன்று உண்டு. உள்ளே சுருள் பிலிம் போடுகிற கேமரா. கலர் கிடையாது, கறுப்பு வெள்ளை மட்டும். வேலையில் இருந்தபோது எப்போதாவது எடுப்பார். இப்போது மெட்ராஸில் இருக்கும் அக்கா மகனிடம் சொல்லி பிலிம் மூன்றும் கழுவுகிற மருந்தும் வரவழைத்திருக்கிறார். சின்னப் பாட்டிலில் அரைப் பாட்டில்தான் மருந்து. புதுசு வர ரொம்ப நாள் ஆகுமாம்.

முதல் பிலிமை இன்றைக்குக் குளியலறையில் வைத்துக் கழுவினார். கதவிடுக்கில் என் பழைய பாவாடையைத் திணித்து, விளக்கை அணைத்துக்கொண்டு உள்ளே இருந்தார். பிலிமைச் சக்கரத்தில் சுற்றி டப்பாவுக்குள் வைக்கிற வரைக்கும் துளி வெளிச்சம் ஆகாது. நான் வெளியே நின்று, "உள்ள என்ன பிரசவமா?" என்று கேட்டேன்.

"இந்த வேலைக்குக் கண்ணே வேண்டாம் கனி. கையே பாக்குது."

அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன்.

மருந்தை ஊசிக்குழலில் கொஞ்சமாக எடுத்து ஒரு செம்புத் தண்ணீரில் விட்டார். எனக்குச் சிரிப்புப் பொறுக்கவில்லை. நம் கடையில்கூட இத்தனை தண்ணீர் ஊற்றினால் பஸ் டிரைவர்கள் அடிக்க வருவார்கள். அதை டப்பாவில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் யாரும் தொடக் கூடாது என்றார்.

"ஆட்டக் கூடாதா? கலக்க வேண்டாமா?"

"வேண்டாம். சும்மா விட்டாத்தான் வேலை நடக்கும். வெளிச்சம் பட்ட எடத்துல மருந்து சீக்கிரம் தீந்துபோகும். இருட்டா இருக்க எடத்துலதான் மெதுவா, மெதுவா வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்."

"என்னை மாதிரி ஆளு வச்சு கழுவ முடியாதுன்னு சொல்லுதீய."

"நீ டப்பாவுக்கே கதை சொல்லி சிரிக்க வச்சிருவ."

ஒரு மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரைக் குழாயடியில் கொட்டிவிட்டார். அடுத்து வேறொரு மருந்து ஊற்றினார். அதை மட்டும் திரும்பப் பாட்டிலிலேயே ஊற்றிப் பத்திரமாக வைத்தார். இதை வைப்பாராம், அதைக் கொட்டுவாராம். நல்ல கணக்கு.

மார்ச் 10, திங்கள்

துணிக்கொடியில் காய்ந்த பிலிமைத் தூக்கிப் பார்த்தேன். எல்லாம் தலைகீழ். என் முடி வெள்ளை, பல் கறுப்பு. "செத்தவ மாதிரி இருக்கேன்" என்றேன். ஸ்டுடியோவில் கொடுத்து வாங்கிய பிரிண்டில் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஆனால் ரேஷன் கார்டு மூஞ்சி. கேமராவைக் கண்டாலே என் முகம் அட்டையாகிவிடும். அது என் பிறவிக் கோளாறு.

மார்ச் 16, ஞாயிறு

இரண்டாவது பிலிம். குளியலறை ஜன்னல், ஆட்டுக்குட்டி, அலமாரி, இப்படிக் கை பழக எடுத்தது. இந்தத் தடவை குழாயடியில் கொட்டப் போன தண்ணீரை நான் பாத்திரத்தில் பிடித்துக்கொண்டேன்.

"என்னட்டி செய்யுத?"

"நல்ல தண்ணி மாதிரித்தான இருக்கு. லேசா நிறம் மாறியிருக்கு. அவ்வளவுதான். எதுக்குக் கொட்டணும்?"

"அது ஒரு தடவைக்குத்தான். வேலை முடிஞ்சா செத்த தண்ணி."

"அதையும் பிரேதப் பரிசோதனை பண்ணிப் பாப்போம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே டப்பாவைக் கழுவப் போய்விட்டார். நான் அதைக் காலி நன்னாரிப் பாட்டிலில் ஊற்றி அடுப்படிப் பரணில் வைத்தேன். என் கடையில் வடிகட்டியில் நிற்கிற சப்ஜா விதையைக்கூட நான் கொட்டியதில்லை. பாத்திரத்தில் மிஞ்சுகிற சர்பத் மறுபடி பாகுப் பானைக்கே போகும். கடை இத்தனை வருஷம் நிற்பது அப்படித்தான்.

மார்ச் 23, ஞாயிறு

கடைசி பிலிமைக் கேமராவில் போட்டார். வாசல்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் வரச் சொன்னார்.

"மருந்து அடியில கொஞ்சம் இருக்கு. இந்த ஒரு பிலிமுக்குப் போதும், காணும். பாத்துப் பாத்து எடுக்கப் போறேன். எடுத்துக் கழுவி, ஸ்டுடியோவுல குடுத்து, காலண்டர் சைஸுக்குப் பெருசா பிரிண்டு போடணும். அம்புட்டுப் பெருசா இருந்தா வெயில்ல வச்சு, இந்தக் குழாய் வழியா கொஞ்சங் கொஞ்சமாப் பாத்துக்கிடுவேன். பாத்து மனசுல வச்சுக்கிட்டேன்னா, பெறகு போனாப் போட்டும்."

"என்ன எடுக்கப் போறீய?"

"பாப்போம்."

"சிற்றாத்தப் பாக்கணும், கோவில் கோபுரத்தப் பாக்கணும்னு அன்னைக்குச் சொன்னீயள்ளா. அதை எடுங்க" என்றேன்.

"ம்."

எனக்குக் கேலி வரவில்லை. வராத நாளும் உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏப்ரல் 2, புதன்

வெயில் கொளுத்துகிறது. ஐஸ் கட்டி மத்தியானத்துக்குள் தண்ணீர். இவர் சாப்பிட்டதும் கேமராவைத் துண்டுக்குள் சுற்றிக்கொண்டு, குச்சியை ஊன்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். எங்கே என்றால் "சும்மா". ஆற்றுக்குத்தான் போகிறார். எனக்குத் தெரியாதா?

எதிர்ப்புறம் மைதீன் டீக்கடை. வரும்போதும் போகும்போதும் அங்கே உட்கார்ந்து டீ குடிக்கிறார். "பாய், எங்க வீட்டுக்காரரை அங்க உக்கார வச்சே என் சர்பத் வியாபாரத்தைக் கெடுக்கீரா?" என்று ரோட்டைத் தாண்டிக் கத்தினேன்.

"அண்ணாச்சி டீயக் குடிக்கல மதினி, ஊதிக்கிட்டே இருக்காவ. அவிய ஊதி முடிக்கிறதுக்குள்ள நான் மூணு பால் காய்ச்சிட்டேன்" என்று மைதீன் பதிலுக்குக் கத்தினார்.

பஸ் கண்டக்டரும் டிரைவரும் சிரித்தார்கள். நானும் இடுப்பில் கையை வைத்துச் சிரித்தேன். இவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கை காட்டினால் அவருக்குத் தெரியுமோ தெரியாதோ என்று காட்டாமல் விட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன். கிண்ணம் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் துழாவினார். கையைப் பிடித்து வைத்தேன். "பாயசம் வலது பக்கம், பொண்டாட்டி இடது பக்கம்" என்றேன். சிரித்தார். ஆனால் கொஞ்சம் நேரம் கழித்துத்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடையில் ஐஸ் பெட்டியில் இடித்து இவருக்கு முழங்காலில் காயம். மஞ்சள் வைத்தேன். "அது நேத்து அங்க இல்லியே" என்றார். அது இருபது வருஷமாக அங்கேதான் இருக்கிறது. நான் சொல்லவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றைக்கு ஒரு வேடிக்கை செய்திருக்கிறேன்.

பிலிம் முடிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு கழுவப் போகிறார். மருந்துப் பாட்டிலைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்து, "அடியில ஒட்டிக்கிட்டு இருக்கு. காணுமோ, காணாதோ" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். இரண்டு நாளாக அதே புலம்பல். நேற்று சோறுகூட இறங்கவில்லை.

அவர் சலூனுக்குப் போன நேரத்தில் பரணில் இருந்த நன்னாரிப் பாட்டிலை எடுத்தேன். அன்றைக்குப் பிடித்து வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. மருந்துப் பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி மூடிவிட்டேன். அதே மருந்து போன தண்ணீர்தானே. இரண்டும் சேர்ந்தால் கட்டாயம் காணும்.

பாட்டிலைத் தூக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சாமி வந்து ஊற்றியது என்று சொல்லப் போகிறேன்.

மே 4, ஞாயிறு

காலையிலேயே குளித்துவிட்டார். டப்பா, ஊசிக்குழல், செம்பு, எல்லாவற்றையும் கை வைத்துத் தெரிகிற மாதிரி வரிசையாக அடுக்கினார். பாவாடையைத் திணித்துக் கதவை மூடினேன். பிலிமை டப்பாவுக்குள் வைத்துவிட்டு வெளியே வந்தவர் மருந்துப் பாட்டிலைத் தூக்கினார்.

"கனமா இருக்கே."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"இவ்வளவா இருந்துச்சு? நான் ஒண்ணுமே இல்லன்னுல்லா நெனச்சேன். கண்ணு போனா கைக்கணக்கும் போயிருமோ?"

"நல்லதுக்குத்தான் போயிருக்கு. ஊத்துங்க."

எப்போதும் எடுக்கிற அளவையே எடுத்து ஊற்றி மூடி வைத்தார். ஒரு மணி நேரமும் டப்பாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் பேசவில்லை, பேசினால் வேடிக்கை வெளியே வந்துவிடும்.

பிலிமை வெளியே எடுத்துக் கொடியில் மாட்டினார். ஈரம் சொட்டியது. ரொம்பச் சுத்தமாக இருந்தது. கண்ணாடி மாதிரி. அந்தப் பக்கம் முருங்கை மரம் அப்படியே தெரிந்தது.

அவர் கிட்டே போய்க் கண்ணருகே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்து, குழாய்க்குள் கொண்டுவரப் பார்த்தார்.

"வெளிச்சம் மட்டுந்தான் தெரியுது. பிலிம் பொடிசுல்லா. நீ பாரு. ஓரத்துல நம்பர் இருக்கா?"

"இருக்கு."

"படம் வந்திருக்கா?"

நான் மறுபடி பார்த்தேன். நம்பர்கூட இல்லை.

"ஏட்டி கனி. வந்திருக்கா?"

"வந்திருக்கு. நல்லா வந்திருக்கு."

"சொல்லு. என்னென்ன வந்திருக்கு?"

சொன்னேன். சிற்றாற்றுப் பாலம், தண்ணீரில் பாறை, பாறை மேல் கொக்கு. கோபுரம், பாதி மேகம். தேரடியில் படுத்திருக்கும் மாடு. ஒவ்வொன்றாக, கொடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து நடந்து சொன்னேன். கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது என்றேன். மாட்டுக்குக் கொம்பு ஒன்று வளைந்திருக்கிறது என்றேன். வாய் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கொடியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

முடிந்ததும், "சரி" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

மே 5, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை. எலுமிச்சை நல்ல சாறு.

மே 6, செவ்வாய்

ஒன்றும் இல்லை.

மே 8, வியாழன்

பிரிண்ட் போடக் கொடுப்பதாகச் சொல்லி பிலிமை வாங்கிக்கொண்டு போனேன். ஸ்டுடியோக்காரப் பையன் வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்தான்.

"இதுல ஒண்ணுமே இல்லியே அக்கா."

"கேமரா ரிப்பேரா இருக்குமோ?" அப்படி இருக்க வேண்டும் என்று கூடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"கேமரா ரிப்பேர்னா ஓரத்துல நம்பராவது விழுந்திருக்கும். அது கம்பெனியிலயே போட்டு வர்றது. அதுவும் இல்ல பாருங்க. மருந்துல சத்தே இல்ல. செத்த தண்ணியில முக்கின மாதிரி இருக்கு."

"திரும்ப நல்ல மருந்துல போட்டா?"

"ரெண்டாவது மருந்தும் பட்டாச்சுல்லா. அதோட முடிஞ்சது. இனிமே யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் சொன்ன அதே வார்த்தை. செத்த தண்ணீர். மார்ச் மாதமே சொன்னார். நான்தான் பிரேதப் பரிசோதனை என்று கேலி பேசினேன்.

அடியில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சம் மருந்து போதுமானதாகத்தான் இருந்திருக்கிறது. நான் ஊற்றாமல் இருந்திருந்தால் போதும். ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்திருந்தால் போதும்.

மே 9, வெள்ளி

மருந்துப் பாட்டிலையும் நன்னாரிப் பாட்டிலையும் முருங்கைத் தூரில் கொட்டிவிட்டேன். "பாட்டில் உடைஞ்சுட்டு" என்றேன். "சரி" என்றார்.

மே 15, வியாழன்

பிரிண்ட் எப்போது வரும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன். மிஷின் ரிப்பேர். பையனுக்குக் கல்யாணம். பேப்பர் வரவில்லை.

அவர் கேட்கவில்லை.

முதல் நாள் கேட்காதபோது அப்பாடா என்றிருந்தது. இப்போது வாரம் ஆகிறது. காலண்டர் சைஸ், வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று அப்படித் துடித்தவர். கேட்டுவிட மாட்டாரா என்றிருக்கிறது.

மே 25, ஞாயிறு

கேமராவைப் பெட்டியில் வைத்து அலமாரிக்கு மேலே ஏற்றச் சொன்னார். ஸ்டூல் போட்டு ஏறினேன்.

"மெட்ராஸ்ல சொல்லி வேற பிலிம், வேற மருந்து வரவழைப்போமே" என்றேன் மேலே நின்றுகொண்டு.

"எதுக்கு? இனிமே யாரு பாக்க?"

மூன்று நாளாக அந்த நடுவில் இருந்த வட்டமும் மங்கிவிட்டது என்று அப்போதுதான் சொன்னார். ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரிகிறதாம். மைதீன் கடைக்கும் போவதில்லை. நான் கடைக்குக் கிளம்பும்போது கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

பேச்சுக் கொடுத்துச் சிரிக்க வைக்கப் பார்க்கிறேன். சிரிக்கிறார். எனக்காகச் சிரிக்கிறார் என்று தெரிகிறது.

ஜூன் 2, திங்கள்

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்குப் போகிற கூட்டம் சர்பத்தைத் திரும்பிப் பார்க்காது, டீக்கடையைத்தான் மொய்க்கும். கடையைச் சாத்திவிட்டு மைதீனிடம் போய் நின்றேன்.

"பாய், எனக்கும் ஒரு டீ குடும். இன்னைக்கு உம்ம ராஜ்ஜியம்."

"உக்காருங்க மதினி. அண்ணாச்சி பெஞ்சுலயே உக்காருங்க." டீயைக் கொடுத்துக்கொண்டே கேட்டார்: "அது என்ன ஆச்சு? படமெல்லாம் வந்துட்டா? எனக்கு ஒண்ணு காட்டுங்களேன்."

"எந்தப் படம்?"

"அதான், அண்ணாச்சி இங்க உக்காந்து எடுத்தாவள்ளா. ஒரு மாசம் முழுக்க எடுத்தாவ. துண்டை விலக்கி, ஒண்ணு எடுப்பாவ, மூடிக்கிடுவாவ. 'மூச்சு விட்டுறாத பாய், தெரிஞ்சா ரேஷன் கார்டு மூஞ்சி வச்சுக்கிடுவா'ன்னு எனக்கு வேற உத்தரவு."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"ஆத்துக்குப் போகல?"

"ஆத்துக்கா? அந்தக் கண்ண வச்சுக்கிட்டா? இந்த ரோட்டைத் தாண்டவே நான்தான் கையப் பிடிச்சு விடுவேன். எல்லாம் உங்களத்தான் மதினி. பிலிம் பூரா உங்களத்தான்."

டீயில் ஆடை கட்டிவிட்டது. எதிரே என் கடை. பூட்டிக் கிடந்தது. அந்தப் பெஞ்சிலிருந்து பார்த்தால் ஐஸ் பெட்டி, பழக் கூடை, நான் உட்காரும் முக்காலி எல்லாம் ஒரு சட்டத்துக்குள் இருக்கிற மாதிரி அடங்கித் தெரிகிறது. முழுசாகத் தெரிகிற தூரம் அது. கடையநல்லூர் வரை போக வேண்டியதில்லை.

பாலம் என்றேன். கொக்கு என்றேன். வளைந்த கொம்பு என்றேன். முதல் வார்த்தையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஜூன் 3, செவ்வாய்

நேற்று நேராக வீட்டுக்குப் போனேன். கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேலையெல்லாம் சாரல் ஈரம்.

"நனைஞ்சிட்டியா?"

"பிலிம்ல ஒண்ணும் வரலங்க."

"ம்."

"நான்தான். நீங்க கொட்டச் சொன்ன தண்ணியப் பாட்டில்ல ஊத்தி நெறச்சேன். காணாதுன்னு பொலம்பினீயளேன்னு."

"பாட்டிலைத் தூக்கினப்பவே இடிச்சுது. கேக்கலாம்னு பாத்தேன். கதவுக்குப் பக்கத்துல நீ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்க சத்தம் கேட்டுது. ஏதோ சந்தோஷமா பண்ணியிருக்கான்னு விட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாமே! அப்பவே கேட்டிருந்தா கீழ ஊத்தியிருக்கலாமே!"

"கேட்டிருக்கலாம்" என்றார். "அது என் தப்பு."

அது அவர் தப்பு இல்லை. அதை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது கேலி பேசித் தப்பித்திருப்பேன்.

"கொக்கு ஒத்தக் கால்ல நிக்குன்னு சொன்னேனே, அப்ப என்ன நெனச்சீய?"

"நிறுத்தச் சொல்லலாம்னுதான் நெனச்சேன். ஆனா நீ அந்த முனையிலேர்ந்து இந்த முனைக்கு நடந்து நடந்து சொல்லிக்கிட்டு வந்த. குரல் நடுங்குது, நீ விடல. பாவமா இருந்துச்சு. சரி, கொக்கையாவது பாப்போம்னு நின்னேன்."

நான் அழுதேன். அவர் முன்னால் நான் அழுது எத்தனையோ வருஷம். சத்தம் வராமல் அழுதாலும் தெரிந்துகொண்டார். அவருக்குச் சத்தம் இப்போது நன்றாகக் கேட்கிறது.

"இனிமே பாக்காததைப் பாத்தேன்னு சொல்ல மாட்டேங்க" என்றேன்.

"வாயாடி. உன்னால முடியாது" என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. கடை இல்லை. மத்தியானம் அவரிடம் கேட்டேன்.

"அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்களேன். நான் சொன்னேன்லா, அது மாதிரி வரிசையாச் சொல்லுங்க."

முதலில் வேண்டாம் என்றார். பிறகு தலையணையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மொதல்ல நீ ஐஸ் ஒடைக்கிற. சாக்கைப் போட்டு மூடி, கட்டையால அடிக்கிற. நாக்கு வெளிய கிடக்கு."

"என் நாக்கா?"

"ஒவ்வொரு அடிக்கும் வெளிய வரும். உனக்குத் தெரியாது. பெறகு ஒரு கண்டக்டர்கூடச் சண்டை போடுத. கையில எலுமிச்சம்பழம் வச்சு அவன எறியப் போற. அவனும் சிரிக்கான். ஒண்ணுல நீ முக்காலியில உக்காந்து தூங்குத, ஈ உன் மூக்குல உக்காந்திருக்கு."

"அதையுமா எடுத்தீய?"

"அது ரெண்டு எடுத்தேன். ஒரு பிள்ளை சர்பத்தை மேல கொட்டிக்கிட்டு நிக்குது. நீ முந்தானையால அது வாயத் துடைக்கிற. உன் மூஞ்சி தெரியல, முதுகுதான். முதுகுலயே சிரிக்கிற."

நான் அப்படியெல்லாம் இருக்கிறேனா? எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ரேஷன் கார்டு மூஞ்சிதான். இன்னொன்று இருந்திருக்கிறது, அதை ஒருத்தர் மட்டும் பார்த்திருக்கிறார். நானும் பார்க்க ஒரு வழி இருந்தது. அதைப் பாட்டிலில் ஊற்றி மூடிவிட்டேன்.

"கடைசி?" என்று கேட்டேன்.

"கடைசியா எடுத்தது…" தேடுகிற மாதிரி விரல்கள் போர்வையில் அசைந்தன. "மேகம் கூடுன ஒரு நாளு. நீ கடைக்கு வெளிய வந்து, இடுப்புல கைய வச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்க. மழை வருமோ, யாவாரம் போயிருமோன்னு. அந்தப் பச்சைச் சேலை கட்டியிருக்க. அதுதான் எல்லாத்துலயும் நல்லா வந்திருக்கும்."

என்னிடம் பச்சைச் சேலை கிடையாது. பச்சை எனக்கு எடுக்காது என்று கல்யாணம் ஆனதிலிருந்து ஒன்றுகூட வாங்கியதில்லை.

அவருக்கு மறந்துவிட்டதா, அந்தக் கண்ணுக்கு அன்றைக்கு அப்படித் தெரிந்ததா, வேறு யாரையாவது பார்த்தாரா, எனக்குத் தெரியவில்லை. பிலிம் வந்திருந்தாலும் அதில் கலர் இருந்திருக்காது. ஆனால் நான் இருந்திருப்பேன். அதை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். இப்போது அவரிடம் இருப்பது இந்த ஞாபகம் மட்டும்தான், அதுவும் இடம் மாறத் தொடங்கிவிட்டது.

"அந்தச் சேலை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

"இருக்கு" என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

மைதீனிடம் இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜவுளிக்கடைக்குப் போனேன். பச்சையில் ஒரு நூல் சேலை எடுத்தேன். புதுத் துணி வாசம் போக இரண்டு தண்ணீரில் அலசினேன். மழையில் காயவில்லை, பாதி ஈரத்தோடு கட்டிக்கொண்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்ததும் கை வைத்தார். முந்தானையை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"எதுட்டி இது?"

"அதான். அந்தப் பச்சை."

"புதுசு மாதிரி இருக்கே."

"ரொம்பக் கட்டல."

இன்னும் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.